கேஸ் ஏற்றி மூன்று வாரம்தான் ஆகிறது, கார் ஏசியில் மறுபடி வெறும் காற்று (கடலூர்)

மஞ்சக்குப்பம்_14:

வணக்கம். வண்டி 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 92,000 கி.மீ. தினமும் கடலூரிலிருந்து ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், அரியாங்குப்பம் வழியாகப் பாண்டி போய்வருகிறது. ஷெட் இல்லை, வெளியில்தான் நிற்கும்.

மார்ச்சில் குளிர்ச்சி குறைய ஆரம்பித்தது. ஓடும்போது பரவாயில்லை, முருங்கப்பாக்கம் பக்கம் நெரிசலில் நின்றால் சூடான காற்று. ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேஸ் கம்மி என்று ஏற்றினார்கள், ஐந்து வாரம் ஓடியது. மறுபடி ஏற்றினார்கள், மூன்று வாரம். இரண்டு முறையும் எடை போடவில்லை, கேஜைப் பார்த்துத்தான் ஏற்றினார்கள். இப்போது கத்திரி வெயிலில் முழுக்க வெறும் காற்று.

கேஜ் மாட்டிப் பார்த்த அளவுகள்: வெளியே 32 டிகிரி. இன்ஜின் நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து லோ (கம்ப்ரஸருக்குள் கேஸ் போகும் பக்கம்), ஹை (வெளியே தள்ளும் பக்கம்) இரண்டும் 55 பிஎஸ்ஐ. இன்ஜின் 1500 ஆர்பிஎம்மில், ஏசி போட்டு, லோ 8, ஹை 95. கம்ப்ரஸர் கிளட்ச் பிடிக்கிறது. கேபின் ஃபில்டர் புதிது. பானட் ஸ்டிக்கரில் கேஸ் வகை ஆர்-134ஏ, அளவு 370 கிராம் என்று இருக்கிறது.

கம்ப்ரஸர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். சரிதானா? லீக் என்றால் எங்கே தேடுவது? லீக்கை அடைக்கும் திரவம் ஒன்று விற்கிறார்களே, அதை ஊற்றினால் போதுமா?

---

வில்லியனூர்_ஏசி:

கம்ப்ரஸரை மாற்றாதீர்கள் சார். நீங்கள் கொடுத்த அளவுகளே பாதி பதிலைச் சொல்லிவிட்டன.

முதலில் நிறுத்திய நிலையில் வந்த 55. சிஸ்டத்துக்குள் திரவமாகக் கொஞ்சம் கேஸ் இருந்தாலும் போதும், இன்ஜின் ஆறியபின் அழுத்தம் வெளி வெப்பத்தைப் பொறுத்தே நிற்கும். ஆர்-134ஏ-வுக்கு 25 டிகிரியில் ஏறக்குறைய 82 பிஎஸ்ஐ, 30-ல் 97, 35-ல் 114. உங்கள் 32 டிகிரிக்கு நூறுக்கு மேல் காட்டியிருக்க வேண்டும். 55 என்றால் உள்ளே ஒரு சொட்டுத் திரவம்கூட இல்லை, மிச்சம் இருப்பது ஆவி மட்டும். இதைத் திருப்பிப் போட்டுப் படிக்கக் கூடாது. 105 காட்டினால் கேஸ் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. 150 கிராம் இருந்தாலும் 105, 370 இருந்தாலும் 105. நின்ற நிலை அழுத்தத்தை வைத்து "கேஸ் ஃபுல்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்து ஓடும்போது வந்த 8, 95. கம்ப்ரஸர் உள்வால்வு போயிருந்தால் இரண்டு முள்ளும் ஒன்றை நோக்கி ஒன்று நகரும்: லோ பக்கம் 60, 70 என்று ஏறி நிற்கும், ஹை பக்கம் 120, 130-ஐத் தாண்டாது. உங்களுக்கு லோ 8 வரை இறங்குகிறது. அதாவது கம்ப்ரஸர் நன்றாகவே இழுக்கிறது, இழுக்க அதற்குத்தான் கேஸ் இல்லை. எக்ஸ்பேன்ஷன் வால்வு (திரவக் கேஸைச் சிறு துளை வழியே லோ பக்கம் விடுவது) அடைத்தாலும் லோ பக்கம் இப்படி இறங்கும், சில சமயம் வேக்கத்துக்கே (வெற்றிடம்) போகும். ஆனால் அப்போது நின்ற நிலையில் 55 வராது, நூறு வந்திருக்கும். ஆகவே லீக்தான்.

கார் ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாயில் சுற்றிச் சுற்றி வருகிற பொருள் அது. ரப்பர் ஹோஸ் வழியே வருடத்துக்குச் சில கிராம் கசியும், அவ்வளவுதான். ஐந்து வாரம், பிறகு மூன்று வாரம் என்றால் ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகிறது. மூன்றாவது முறை ஏற்றினால் அந்தக் காசும் காற்றோடு போகும்.

இன்றிலிருந்து ஏசியைப் போடாதீர்கள். கம்ப்ரஸருக்கான ஆயில் கேஸோடு கலந்துதான் சுற்றி வருகிறது. கேஸ் குறைந்தால் ஆயில் திரும்பி வராது, கம்ப்ரஸர் வறண்டு ஓடி ஜாம் ஆகும். அப்போது நிஜமாகவே கம்ப்ரஸர் செலவு வந்துவிடும். முன் கண்ணாடிப் பனிநீக்கிக்கு நாப்பைத் திருப்பினாலும் பல வண்டிகளில் கம்ப்ரஸர் தானாக ஓடும். அதனால் கிளட்ச் கனெக்டரைக் கழற்றி வைத்துவிடுவது நல்லது.

அடைக்கும் திரவம் வேண்டவே வேண்டாம். காற்றும் ஈரமும் பட்டால் கெட்டியாகும் பொருள் அது. லீக் இருக்கும் இடத்தில் கெட்டியானால் சரி, ஆனால் உள்ளே ஈரம் இருந்தால் எக்ஸ்பேன்ஷன் வால்வின் ஊசித் துளையிலும், ஈரத்தை உறிஞ்சும் டிரையரிலும் போய் உறையும். கேஸைத் திரும்ப எடுக்கிற மெஷினையும் கெடுக்கும். அதை ஊற்றிய வண்டி என்று தெரிந்தால் பல கடைகளில் மெஷின் மாட்டவே மாட்டார்கள்.

---

தேவனாம்பட்டினம்_கடல்காற்று:

லீக் தேடும் வரிசையை நான் சொல்கிறேன். கடலோர வண்டி என்பதால் சந்தேகப்பட்டியல் கடலிலிருந்து தள்ளியுள்ள ஊர் வண்டியிலிருந்து கொஞ்சம் மாறும்.

முதலில் கண்ணால். கேஸ் ஒழுகும் இடத்தில் ஆயிலும் கசியும், அதில் தூசி ஒட்டிக் கருப்புத் திட்டாக இருக்கும். கன்டென்சர் (ரேடியேட்டருக்கு முன்னால் நின்று கேஸின் சூட்டை வெளியேற்றுவது) முகப்பு, குழாய் இணைப்புகள், கம்ப்ரஸர் மூக்கு (ஷாஃப்ட் வெளிவரும் முன்பக்கம்), ரப்பர் ஹோஸ் அலுமினியத்தோடு நெரிக்கப்பட்ட இடம் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பம்பரைக் கழற்றி, கன்டென்சரின் கீழ் இரண்டு மூலைகளையும் கட்டாயம் பார்க்க வேண்டும். அங்கே காற்று விலகாமல் இருக்க ஃபோம் பட்டை ஒட்டியிருப்பார்கள். உப்பு ஈரத்தை உறிஞ்சி அந்த ஃபோம் வாரக்கணக்கில் காயாமல் வைத்திருக்கும். அலுமினியம் அதற்குப் பின்னால் வெள்ளைப் பொடியாகப் பூத்து, ஊசிமுனை அளவுக்குக் குழி விழும். வெளியிலிருந்து பார்த்தால் கன்டென்சர் புதிது போலத்தான் இருக்கும்.

பிறகு கேஜ் மாட்டும் இரண்டு போர்ட்டுகள். மூடியைக் கழற்றிச் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். உள்ளே இருப்பது டயர் டியூப் மாதிரி ஒரு பின் வால்வு. இரண்டு முறை கேஸ் ஏற்றியிருக்கிறார்கள், அதில் மணல் துகள் சிக்கினாலே போதும். மூடிக்குள் ரப்பர் வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள், அந்த மூடி வெறும் அலங்காரம் இல்லை.

இப்படிக் கிடைக்கவில்லை என்றால் நைட்ரஜன். ரெகுலேட்டர் இல்லாமல் சிலிண்டரைத் தொடவே கூடாது. 150 பிஎஸ்ஐ வரை ஏற்றி வால்வை மூடிவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் கெட்டியான சோப்புக் கரைசலைப் பிரஷ்ஷால் தடவுங்கள். 200-ஐத் தாண்ட வேண்டாம், கூலிங் காயில் (டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிரவைப்பது) தாங்காது. பஞ்சர் கடைக் காற்றை ஏற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதில் தண்ணீர் இருக்கிறது. ஆக்ஸிஜன் சிலிண்டரை மாட்டினால் ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும், உயிருக்கே ஆபத்து.

முள் இறங்குகிறதா என்று பார்க்கும்போது வெயிலைக் கணக்கில் எடுங்கள். 150-ல் வைத்துவிட்டு, சூடு 10 டிகிரி குறைந்தபின் பார்த்தால் லீக்கே இல்லாமல் 5 பிஎஸ்ஐ குறைந்திருக்கும். நிழலில் வையுங்கள்.

"வேக்கம் பிடித்து நிற்கிறது, லீக் இல்லை" என்பது நம் பக்கத்தில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். உள்ளே இருப்பதைப் பம்பால் உறிஞ்சிவிட்டு முள் நிற்கிறதா என்று பார்த்துச் சொல்வது அது. வேக்கத்தில் குழாய்ச் சுவரின் மேல் இருப்பது வெறும் 14.7 பிஎஸ்ஐ, அதுவும் வெளியிலிருந்து உள்ளே. ஏசி ஓடும்போது ஹை பக்கத்தில் 200-க்கு மேல், உள்ளிருந்து வெளியே. இணைப்புகளிலுள்ள சில ஓ-ரிங்குகள் (ரப்பர் வளையங்கள்) வேக்கத்தில் இறுக மூடிக்கொள்ளும், அழுத்தம் வந்ததும் கசியும். வேக்கம் நிற்பதை மட்டும் வைத்துச் சான்றிதழ் கொடுக்க முடியாது.

பானட்டுக்குள் எங்கும் இல்லை என்றால் கடைசியாகக் கூலிங் காயில். நைட்ரஜனை வெளியேற்றி 100 கிராம் கேஸ் விட்டு, புளோவரை நிறுத்தி 15 நிமிடம் கழித்து, வண்டிக்கடியில் தண்ணீர் சொட்டும் டியூபின் வாயில் எலக்ட்ரானிக் லீக் டிடெக்டரை வையுங்கள். இந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது, அங்கேதான் இறங்கி வரும். டேஷ்போர்டை இறக்கிய பிறகு சந்தேகம் தவறு என்று தெரிவதைவிட இந்தக் கால் மணி நேரம் மேல்.

---

முதலியார்பேட்டை_ஒயரிங்:

ஆரம்பத்தில் இருந்த அறிகுறியை விட்டுவிட வேண்டாம். ஓடும்போது குளிர்ச்சி, நின்றால் சூடு. கேஸ் குறைந்தாலும் அப்படித்தான் இருக்கும், கன்டென்சர் ஃபேன் சரியாக ஓடாவிட்டாலும் அப்படித்தான் இருக்கும். உங்கள் வண்டியில் இரண்டும் இருக்கலாம். கேஸ் மட்டும் சரிசெய்து அனுப்பினால் மே மாதச் சிக்னலில் மறுபடி சூடு.

கேஸ் சரியாக உள்ள வண்டியில் இதைப் பிரித்தறிவது சுலபம். ஐடிலில் காற்று சூடாகும்போது கன்டென்சர்மேல் ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். உடனே குளிர்ந்தால் கன்டென்சரின் சூடு வெளியேறவில்லை, ஃபேன் அல்லது அடைப்பு. எந்த மாற்றமும் இல்லையென்றால் வேறு கோளாறு.

உங்களுக்கு இப்போது கேஸ் இல்லாததால் ஃபேனைத் தனியாகச் சோதிக்க வேண்டும். கனெக்டரைக் கழற்றி பேட்டரியிலிருந்து நேரடியாக 12 வோல்ட் கொடுங்கள். சத்தமில்லாமல் முழு வேகத்தில் சுற்ற வேண்டும். தட்டினால்தான் சுற்றுகிறது என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. நேரடியாக ஓடி, வண்டியில் மட்டும் ஓடாவிட்டால் ரிலே, ஃபியூஸ், லோ ஸ்பீடு ரெசிஸ்டர், எர்த் என்ற வரிசையில் பாருங்கள். ரெசிஸ்டர் எரிந்தால் ஹை ஸ்பீடு மட்டும் வேலை செய்யும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகுதான் ஃபேன் கிளம்பும், அதுவரை ஹை பக்கத்து அழுத்தம் 300-ஐத் தாண்டிப் போகும். அந்த அழுத்தமே பலவீனமான கன்டென்சரை ஓட்டையாக்கும்.

மோட்டார் மாற்றிய வண்டி என்றால் சுற்றும் திசையையும் பாருங்கள். ஒயர் மாறிப்போனால் காற்றை முன்னால் தள்ளும். கன்டென்சர் முகப்பில் ஒரு செய்தித்தாள் பக்கத்தைப் பிடித்தால் அது ஒட்டி நிற்க வேண்டும்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழையில் பம்பர் அளவுக்குத் தண்ணீரில் நின்ற வண்டிகள் இந்தப் பக்கம் ஏராளம். உங்களுடையதும் அப்படி நின்றிருந்தால் ஃபேன் கனெக்டர் பின்களில் பச்சை பூத்திருக்கும். சுரண்டிப் பயனில்லை, கனெக்டரையே மாற்றுங்கள்.

கிளட்ச் பிடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. ஆனாலும் கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் இடையிலுள்ள கேப்பை அளந்துவிடுங்கள். ஃபீலர் கேஜில் 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். 0.8-க்கு மேல் போனால் காலையில் பிடிக்கும், அரை மணி நேரம் ஓடிக் கிளட்ச் காயில் சூடானதும் விட்டுவிடும். நடுவிலுள்ள ஷிம் (மெல்லிய வளையத் தகடு) ஒன்றைக் கழற்றினால் சரியாகும். அதற்காகக் கம்ப்ரஸரையே மாற்றிய பில்கள் நிறைய இருக்கின்றன என்பது வருத்தமான விஷயம். கிளட்ச் காயில் ஆறிய நிலையில் 3 முதல் 4.5 ஓம் காட்ட வேண்டும்.

---

மஞ்சக்குப்பம்_14:

மூவருக்கும் நன்றி. வேறு கடையில் சோதித்த முடிவு:

நைட்ரஜன் 150 ஏற்றி, நிழலில் இரண்டு மணி நேரத்தில் 131. கன்டென்சர் கீழ் இடது மூலையில், ஃபோம் பட்டைக்குப் பின்னால், தொடர்ச்சியான குமிழி. லோ போர்ட் பின் வால்விலும் சிறு குமிழி. கம்ப்ரஸர் மூக்கில் ஒன்றுமில்லை. ஃபேன் நேரடியாகக் கொடுத்தால் ஓடுகிறது, லோ ஸ்பீடு ரெசிஸ்டர் எரிந்திருக்கிறது. கிளட்ச் கேப் 0.5.

கன்டென்சரை அலுமினிய வெல்டிங் வைத்துவிடலாம் என்கிறார் ஒருவர். புதிது போட்டால் கூட என்னென்ன மாற்ற வேண்டும்?

---

வில்லியனூர்_ஏசி:

வெல்டிங் வேண்டாம் சார். அந்த டியூப் சுவர் மிக மெல்லியது, உப்பு அரித்த இடத்தில் ஓர் ஓட்டையை அடைத்தால் சூட்டில் பக்கத்திலேயே இன்னொன்று திறக்கும். கல் பட்ட புதுக் கன்டென்சர் என்றால் யோசிக்கலாம். பத்து வருடக் கடலோரக் கன்டென்சருக்கு அது பண விரயம்.

புதுக் கன்டென்சரோடு டிரையர் பை வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். பல மாடல்களில் கன்டென்சரின் ஓரக் குழாய்க்குள்ளேயே அது இருக்கும். தனி டிரையர் உள்ள வண்டி என்றால் அதையும் புதிதாகப் போடுங்கள். பழைய டிரையர் இத்தனை நாள் ஓட்டையான சிஸ்டத்தில் ஈரம் குடித்து நிறைந்திருக்கும். திறக்கும் ஒவ்வொரு இணைப்பிலும் புது ஓ-ரிங், ஆர்-134ஏ-வுக்கு ஏற்ற பச்சை நிற வகை, ஆயில் தடவித்தான் மாட்ட வேண்டும். இரண்டு போர்ட்டுக்கும் புது பின். இணைப்பு போல்ட் 6 மில்லிமீட்டர் என்றால் 10 நியூட்டன் மீட்டர் போதும். அலுமினிய மரை, கூடுதலாக முறுக்கினால் மரை உரிந்துவிடும்.

கன்டென்சருக்காக 30 முதல் 40 மில்லி ஆயில் சேர்க்க வேண்டும். கம்ப்ரஸர் லேபிளில் எந்த ஆயில் என்று எழுதியிருக்கும், பேக்-46 (ஏசி ஆயிலில் ஒரு வகை) என்றால் அதேதான், வேறு பாகு எண் கலக்கக் கூடாது. அதிகம் ஊற்றினால் நல்லது என்று நினைக்க வேண்டாம், மிகுந்த ஆயில் கூலிங் காயிலின் உள்சுவரில் படிந்து குளிர்ச்சியைக் குறைக்கும். பழைய கன்டென்சரிலிருந்து வடியும் ஆயிலை வெள்ளைத் துணியில் பாருங்கள். தெளிவாகவோ லேசான மஞ்சளாகவோ இருந்தால் நிம்மதி. சாம்பல் நிறத்தில் உலோகப் பொடி மின்னினால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டுக் கம்ப்ரஸரைப் பற்றிப் பேச வேண்டும்.

புதுக் கன்டென்சரின் பிளாஸ்டிக் மூடிகளைக் கடைசி நிமிடத்தில் மட்டும் கழற்றச் சொல்லுங்கள். பேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை வேகமாக இழுக்கும். நம் ஊர்க் காற்றில் ஒரு மணி நேரம் திறந்து கிடந்தாலே டிரையரின் ஆயுள் குறைகிறது.

மாட்டியபின் மறுபடி நைட்ரஜன், அரை மணி நேரம் முள் அசையக் கூடாது. பிறகு வேக்கம். 30 டிகிரியில் தண்ணீர் கொதித்து ஆவியாக வேக்கம் 28.7 அங்குலத்தைத் தாண்ட வேண்டும். 29-ஐத் தாண்டியபிறகு குறைந்தது 45 நிமிடம் ஓட விடுங்கள். பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரை வேக்கம் பம்பாக வைத்திருக்கும் இடமாக இருந்தால் வேறு கடைக்குப் போங்கள், அது மெதுவாக இழுக்கும், ஆழமும் போதாது. ஈரம் மிஞ்சினால் எக்ஸ்பேன்ஷன் வால்வில் பனியாக உறைந்து, இருபது நிமிடம் குளிர்ந்து பத்து நிமிடம் வெறும் காற்று என்று மாறி மாறி வரும்.

கேஸ் 370 கிராம், 5 கிராம் துல்லியமுள்ள தராசில். இன்ஜின் நின்ற நிலையில், சிலிண்டரைக் கவிழ்த்து, ஹை பக்கமாக 200, 250 கிராம் திரவமாகவே போகும். பிறகு ஹை வால்வை இறுக மூடிவிட்டு, சிலிண்டரை நிமிர்த்தி, இன்ஜினைப் போட்டு மீதியை லோ பக்கமாக ஆவியாக விட வேண்டும். இன்ஜின் ஓடும்போது ஹை வால்வைத் திறந்தால் அழுத்தம் சிலிண்டருக்குள் திரும்பிப் பாயும், சிலிண்டர் வெடிக்கும்.

370 என்பது சின்ன அளவு. இதில் 50 கிராம் தவறினாலே குளிர்ச்சியில் தெரியும். கேஜ் முள்ளை மட்டும் பார்த்து ஏற்றும்போது வெயில், ஃபேன் வேகம், ஆர்பிஎம் ஒவ்வொன்றும் முள்ளை நகர்த்தும். உங்கள் வண்டியில் ஃபேன் லோ ஸ்பீடே இல்லாதபோது ஏற்றியிருக்கிறார்கள், ஹை முள் சீக்கிரம் ஏறியிருக்கும், "போதும்" என்று நிறுத்தியிருப்பார்கள். ரெசிஸ்டரை மாற்றியபிறகுதான் கேஸ் ஏற்ற வேண்டும்.

---

காலாப்பட்டு_ஈசிஆர்:

இடையில் கேட்கிறேன், மன்னிக்கவும். கடற்கரைச் சாலை வண்டிகளுக்குப் புதுக் கன்டென்சரைக் காப்பாற்ற வழி உண்டா? மேலே பெயின்ட் அடிக்கலாமா?

---

தேவனாம்பட்டினம்_கடல்காற்று:

சாதாரணப் பெயின்ட் அடிக்காதீர்கள், ஃபின் (மெல்லிய அலுமினியத் தகடுகள்) இடைவெளி அடைபட்டு ஹை அழுத்தம் ஏறும். வாரம் ஒருமுறை, கடல் காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் இரண்டுமுறை, நல்ல தண்ணீரால் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதனால் கழுவிப் பயனில்லை. சாதாரணத் தோட்டக் குழாய் அழுத்தம் போதும். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டத்தில் பிடித்தால் ஃபின் மடங்கிச் சுவர் மாதிரி ஆகிவிடும். வருடத்துக்கு ஒருமுறை கோடைக்கு முன், கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே சேரும் வேப்பம்பூ, மணல், பூச்சிகளை எடுக்க வேண்டும். முன்னால் சுத்தமாகத் தெரியும், அடைப்பு முழுக்க அந்த இடுக்கில்தான்.

கீழ் மூலை ஃபோமை அப்படியே விட்டுவிடாமல், தண்ணீர் குடிக்காத மூடிய செல் ரப்பர் பட்டையாக மாற்றிவிடுங்கள். முழுதாக எடுத்துவிடக் கூடாது, ரேடியேட்டரின் சூடான காற்று சுற்றி முன்னால் வந்துவிடும்.

---

மஞ்சக்குப்பம்_14:

வேலை முடிந்தது. கன்டென்சர், டிரையர் பை, ஆறு ஓ-ரிங், இரண்டு பின், ரெசிஸ்டர், ஆயில் 35 மில்லி, கேஸ் 370. பழைய ஆயில் தெளிவாக இருந்தது.

மதியம் ஒன்றரை மணி, 35 டிகிரி, நிழல், உள்காற்று மோட், 1500 ஆர்பிஎம்: லோ 36, ஹை 220, நடு வென்ட்டில் 10 டிகிரி. ஐடிலில் 12.5. இன்னும் குறைய வேண்டாமா? இன்னொன்று, இடதுபக்கம் முன்சீட் கார்பெட் லேசாக ஈரமாகிறது.

---

வில்லியனூர்_ஏசி:

அளவுகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. வறண்ட ஊரில் அதே வண்டி 7 காட்டும். நம் பக்கம் கூலிங் காயிலின் உழைப்பில் பெரும் பங்கு காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக்கவே போய்விடும். வண்டிக்கடியில் தண்ணீர் நன்றாகச் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டவில்லை, கார்பெட் ஈரம் என்றால் வடிகால் டியூப் அடைத்திருக்கிறது, தண்ணீர் பெட்டிக்குள் தேங்கி உள்ளே வழிகிறது.

இன்ஜின் பக்கத் தடுப்புச் சுவரில் கீழே, கூலிங் காயில் பெட்டிக்கு நேராக, விரல் தடிமனில் ஒரு ரப்பர் மூக்கு இருக்கும். அதைக் கழற்றி, மெல்லிய மீன்தொட்டி டியூபைக் கீழிருந்து மெதுவாக உள்ளே விட்டு வாயால் ஊதுங்கள். கம்பி விடக் கூடாது, கூலிங் காயிலைக் குத்திவிடும். சேறும் இலைத்தூளும் கலந்த கருப்புத் தண்ணீர் ஒரு டம்ளர் அளவு கொட்டும், முகத்தை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கார்பெட்டைத் தூக்கி அடியிலிருக்கும் பஞ்சை வெயிலில் காயவையுங்கள், இல்லையென்றால் இரண்டு நாளில் நாற்றம் வரும்.